ரவுடிப் பட்டியலும் நினைவஞ்சலி பேனரும்



சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதி ஒன்றுக்கு ஆய்வுக்காக மூன்று ஆண்டுகள் போய் வந்தேன். அங்கே ஒரு அம்மாவின் மகன் குண்டாஸில் உள்ளே இருந்தான். "உள்ளயே இருக்கட்டும் பாப்பா, வெளிய வந்தா போட்டுருவாங்க" என்றார். போலீசைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னது பக்கத்து பிளாக் பையன்களை. இவனோடு ஒரே பள்ளிக்குப் போனவர்கள்.

இதை நாம் மேடையில் பேசுவதில்லை. போலீசைப் பற்றிப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். பிறப்பையே குற்றமாக்கி 1871இல் முதலில் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் மதராஸ் மாகாணத்தில் 1947இல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வழக்கமாகக் குற்றம் செய்வோர் மீதான கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அன்று குறிவைக்கப்பட்ட சாதிகளும் இன்று சேரியில் பிடிபடும் பையன்களும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனால் ஆளைப் பட்டியலில் வைத்துக் கண்காணிக்கும் பழக்கம் காவல் நிலையத்தில் தங்கிவிட்டது. 1982ஆம் ஆண்டு குண்டர் சட்டத்தில் விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். அறிவுரைக் குழுமத்தின் முன் வழக்கறிஞரை வைத்து வாதாட உரிமை இல்லை. பல ஆணைகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்கிறது, ஆனால் அதற்குள் பையன் பல மாதங்கள் உள்ளே கழித்திருப்பான். (பாத்ரூமில் வழுக்கி விழுந்த மாவுக்கட்டுப் படங்களைப் பார்த்து நம் ஆட்களும் சிரிக்கிறார்கள். அது தனிக் கூட்டத்துக்கான விஷயம்.)

குண்டாஸ் போடுவது சுலபம், கொலை வழக்கை நடத்தி முடிப்பதுதான் கஷ்டம். கண்ணால் பார்த்தவர் அதே பிளாக்கில், அதே மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர். அவர் பிறழ்சாட்சி ஆகாமல் என்ன செய்வார்? சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018இலேயே ஒப்புதல் கொடுத்துவிட்டது. நான் பேசிய குடும்பங்களில் ஒன்றுகூட அதைக் கேள்விப்பட்டதில்லை. செத்தவனும் நம் பிள்ளை என்றால், அந்த வழக்கு ஒழுங்காக நடக்க வேண்டும் என்று கேட்பதும் நம் வேலைதான். கத்தியைப் பிடித்த பையனோடு, பணம் கொடுத்து அனுப்பியவனும் கூண்டில் ஏற வேண்டும்.

இன்னொன்று, கோபப்படாமல் கேளுங்கள். வெட்டுப்பட்டுச் செத்த பையனுக்கு முதலாண்டு நினைவஞ்சலி பேனர் வைக்கிறோம். அதே நாளில் பழிக்குப் பழி என்று கிளம்புகிறார்கள் என்பது ஏரியாவில் எல்லாருக்கும் தெரியும். அந்த பேனருக்குக் காசு கொடுப்பவர்களில் நம் கிளைப் பொறுப்பாளர்களும் இருக்கிறார்கள். அந்தக் காசை நிறுத்துங்கள். அன்றைக்கு நம் பெண்கள் நாலு பேர் இரண்டு வீட்டுக்கும் போய் உட்காரட்டும். ஒரு பிளாக்கில் இதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருடம் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. அதனால்தானா என்று என் ஆய்வேட்டில் எழுத முடியாது, இங்கே சொல்லலாம்.

அந்த அம்மாவின் மகன் ஏழாவது மாதம் வெளியே வந்துவிட்டான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சித்தி வீட்டில் தங்கி வேலைக்குப் போகிறான். ஜாமீன் நிபந்தனைப்படி கையெழுத்துப் போட மட்டும் வாரம் ஒருமுறை அதே பிளாக்கைத் தாண்டித்தான் ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருக்கிறது.