காவல் நிலையம் முதல் இறுதித் தீர்ப்பு வரை

(புதுதில்லியில் தமிழ் பேசும் தோழர்களுக்கு நடைபெற்ற சட்ட வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சட்டம் பயின்ற தோழர் ஒருவரை இந்த வகுப்புக்கு அழைத்திருந்தால் பிரிவுகளையும் உட்பிரிவுகளையும் என்னைவிடத் தெளிவாக விளக்கியிருப்பார். மொழிபெயர்ப்பாளரை அழைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ் மட்டுமே பேசத் தெரிந்த ஒரு பெண், அடிபட்ட உடலோடு தில்லியின் காவல் நிலையம் ஒன்றில் நுழைகிறார். தான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் இந்தியில் எடுத்துவைக்கும் ஒருவர்தான் அவருக்கு முதலில் தேவை. அந்த இடத்தில் அமர்ந்திருக்கும் வாய்ப்பு கடந்த ஆண்டுகளில் எனக்குப் பலமுறை நேர்ந்தது. வன்முறைக்கு ஆளான பெண்ணுக்குத் துணைநிற்றல் என்னும் பணியை நான் அங்கிருந்துதான் பார்க்கிறேன்.

இந்தப் பணிக்கு இந்தியச் சட்டத்தில் ஓர் அடித்தளம் இருக்கிறது என்பதை நம் தோழர்களில் பலர் அறிந்திருக்கவில்லை. அதை அமைத்துக் கொடுத்தது வீட்டுவேலை செய்யும் ஆறு பழங்குடிப் பெண்களின் வழக்கு. தில்லியில் வெவ்வேறு வீடுகளில் வேலை பார்த்த அவர்கள் 1993 பிப்ரவரி 10 அன்று ராஞ்சியிலிருந்து மூரி எக்ஸ்பிரஸில் தில்லிக்குப் பயணம் செய்தனர். அதே வண்டியில் வந்த இராணுவத்தினர் சிலர் அவர்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினர் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பெண்களின் சார்பில் தில்லி வீட்டுவேலைப் பெண்கள் மன்றம் உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. 1994 அக்டோபர் 19 அன்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் தமிழகத்தைச் சேர்ந்த நீதியரசர் எஸ்.மோகன்.

அந்தத் தீர்ப்பு கூறும் நெறிகளை நிதானமாகப் படிக்க வேண்டும். பாலியல் வன்முறை குறித்துப் புகார் தரும் பெண்ணுக்குச் சட்டத் துணை அளிக்கப்பட வேண்டும். அத்துணை காவல் நிலையத்திலேயே கிடைக்க வேண்டும். ஏனெனில் அவர் அங்கு மிகுந்த துயரத்தில் இருப்பார். கேள்வி எதையும் கேட்பதற்கு முன்பே, துணை பெறும் உரிமை அவருக்கு உண்டு என்று காவலர்கள் தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததை அறிக்கையில் எழுதவும் வேண்டும். உதவ முன்வரும் வழக்கறிஞர்களின் பட்டியல் காவல் நிலையத்தில் இருக்க வேண்டும். பெண்ணின் அடையாளம் காக்கப்பட வேண்டும். துணை வழக்கறிஞரின் வேலை வாதாடுவதோடு முடிவதில்லை. நடவடிக்கைகளை விளக்குவது, பெண்ணை அவற்றுக்குத் தயார்ப்படுத்துவது, மருத்துவ உதவியும் மனநல ஆலோசனையும் எங்கே கிடைக்கும் என்று வழிகாட்டுவது எல்லாமே அதில் அடங்கும். இவற்றுக்கு நடுவே உள்ள இன்னொரு கருத்தைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். காவல் நிலையத்தில் அந்தப் பெண்ணின் நலனைக் கவனித்துக்கொண்ட அதே நபர், வழக்கு முடியும் வரை அவரோடு இருக்க வேண்டும்.

அதே நபர் என்று நீதிமன்றம் சொன்னதன் பொருளை நடைமுறையில் பார்ப்போம். பாலியல் வன்முறை வழக்கில் ஒரு பெண், நடந்ததைக் குறைந்தது நான்கு இடங்களில் சொல்ல வேண்டியிருக்கிறது: காவல் அதிகாரியிடம், மருத்துவரிடம், குற்றவியல் நடுவரிடம், பிறகு விசாரணை நீதிமன்றத்தில். முதல் மூன்றும் சில நாட்களில் முடிந்துவிடும். நான்காவது வரச் சில ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் விசாரணை அதிகாரி மாறியிருப்பார், அரசு வழக்கறிஞர் மாறியிருப்பார், நீதிபதியும் மாறியிருக்கக்கூடும். முதல் நாள் அவர் என்ன சொன்னார், எந்த நிலையில் சொன்னார், எழுதப்பட்டது எது, விடுபட்டது எது என்பதை அறிந்தவர் துணைநிற்பவர் ஒருவரே.

இங்கேதான் மொழி குறுக்கிடுகிறது. நம் பெண்கள் தமக்கு நேர்ந்ததைச் சட்டத்தின் சொற்களில் சொல்வதில்லை. ‘என்கிட்ட தப்பா நடந்துக்கிட்டான்’ என்பார்கள், ‘கெடுத்துட்டான்’ என்பார்கள். சொல்ல நா எழாமல் அவர்கள் பிடித்துக்கொள்ளும் மறைப்புச் சொற்கள் இவை. இந்தியிலும் இப்படித்தான், ‘கலத் காம்’ என்பது தில்லிப் புகார்களில் அடிக்கடி காணும் சொல். தவறான காரியம் என்று பொருள். கையைப் பிடித்து இழுத்ததையும் அந்தச் சொல்லால் குறிக்கலாம், வன்புணர்ச்சியையும் குறிக்கலாம். 2024 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம், சிறார் பாதுகாப்புச் சட்டமான போக்சோவின் கீழ் ஒருவருக்கு விதிக்கப்பட்டிருந்த ஆயுள் தண்டனையை ரத்து செய்தது. சிறுமி ‘உடல் தொடர்பு’ என்று பொருள்படும் சொல்லைப் பயன்படுத்தியிருந்தார். அச்சொல்லை மட்டும் வைத்துப் பாலியல் தாக்குதல் நடந்தது என்று தானாக முடிவுக்கு வர முடியாது என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பின் சரி தவறை நான் இங்கு விவாதிக்கப் போவதில்லை. ‘அப்படியென்றால் என்ன நடந்தது, அம்மா?’ என்று ஆதரவோடு கேட்டு, வந்த விடையை எழுதிவைப்பது யாருடைய வேலை என்பதே என் கேள்வி. ஒரு சொல்லின் பொருள் தெளியாமல் போனால் அதன் விலையைப் புகார் தந்தவரே கொடுக்க நேர்கிறது.

ஆகையால் காவல் நிலையத்தில் உடன் அமரும் தோழர் சிலவற்றைக் கடைப்பிடித்தாக வேண்டும். பெண் சொன்ன சொல்லை அப்படியே முதலில் தரவேண்டும். அதன் பொருள் பலவாக இருக்குமாயின் அதையும் அதிகாரியிடம் சொல்ல வேண்டும். விளக்கம் கேட்கும் பொறுப்பு அதிகாரியுடையது. நாமே கேள்வி கேட்டு நாமே விடையைத் திருத்திக் கொடுத்தால், சொல்லிக் கொடுத்துப் பேச வைத்தார்கள் என்று குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு அந்தப் பெண்ணைத்தான் துளைக்கும். கோபத்தில் நாம் சேர்க்கும் ஓர் அடைமொழிகூட அவருக்கு எதிராகத் திரும்பலாம். அரசியல் உணர்வு மிக்க தோழர்களுக்கு இது கடினம் என்பதை அறிவேன். எழுதிய தகவலைப் படித்துக் காட்டிய பிறகே கையொப்பம் பெற வேண்டும் என்பதும், நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பதும் சட்டம். படித்துக் காட்டுதல் என்பது அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுதல். அது முடியும் வரை பேனாவை அவர் கையில் கொடுக்க விடாதீர்கள்.

சொற்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. நீதிமன்றத்தின் ஆங்கிலத்தில் இந்தப் பெண்ணுக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் பெயர் ‘பிராசிக்யூட்ரிக்ஸ்’. அவரை ஒரு மனிதராகவே காட்டாத சொல் அது. பெண் இயக்கங்கள் ‘சர்வைவர்’ என்கின்றன. தமிழில் ‘தப்பிப் பிழைத்தவர்’ என்றும் ‘மீண்டவர்’ என்றும் எழுதுகிறோம். எனக்கு இரண்டிலும் முழு நிறைவு இல்லை. நேற்று இரவு அடி வாங்கி இன்று காலை வந்து நிற்பவரை மீண்டவர் என்று அழைப்பது நம் ஆசையைச் சொல்கிறதே ஒழிய அவர் நிலையைச் சொல்லவில்லை. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட கையேடு, அந்தப் பெண் எதை விரும்புகிறாரோ அதையே பயன்படுத்துங்கள் என்ற பொருளில் கூறுகிறது. அது நல்ல நெறி.

துணைநிற்பவரின் எல்லை என்ன என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். செஷன்ஸ் நீதிமன்றத்தில் வழக்கை நடத்துபவர் அரசு வழக்கறிஞர். பெண்ணின் சொந்த வழக்கறிஞர் நீதிமன்ற அனுமதியோடு அவருக்கு உதவலாம். எழுத்து வடிவில் வாதங்களைத் தரலாம். தானே எழுந்து சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய இயலாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் லக்கிம்பூர் கேரி வழக்கில், 2022 ஏப்ரலில், பாதிக்கப்பட்டவர்களுக்குப் புலனாய்வு முதல் மேல்முறையீடு வரை ஒவ்வொரு கட்டத்திலும் பேசும் உரிமை உண்டு என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. ஜாமீன் மனு விசாரணைக்கு வரும் நாளில் நாம் அங்கே இருப்பது ஏன் அவசியம் என்பது இதிலிருந்து விளங்கும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று எவரும் திரும்பிப் போக வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள் அனைவரும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள்.

1994 தீர்ப்பு கூறிய ‘அதே நபர்’ இன்று தில்லியில் எங்கே? தில்லி மகளிர் ஆணையம் நெருக்கடித் தலையீட்டு மையங்களையும், நீதிமன்றங்களில் பெண்களுக்கு உதவும் வழக்கறிஞர்களையும் கொண்டு ஓர் ஏற்பாட்டை நடத்திவந்தது. குறைகள் இருந்தன, ஆயினும் ஏற்பாடு இருந்தது. அதன் பெரும்பகுதியைத் தாங்கியவர்கள் ஒப்பந்தப் பணியாளர்கள். 2024 ஏப்ரல் இறுதியில் ஓர் உத்தரவு ஆணையத்தின் 223 ஒப்பந்தப் பணியாளர்களை நீக்கியது. உரிய ஒப்புதலின்றி நியமிக்கப்பட்டவர்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். அதே ஆண்டு ஜூலையில் 181 உதவி எண்ணும் ஆணையத்திடமிருந்து தில்லி அரசின் மகளிர், குழந்தைகள் நலத் துறைக்கு மாறியது. துணைநிலை ஆளுநருக்கும் அன்றைய மாநில அரசுக்கும் இடையிலான அதிகாரப் போட்டியை நாம் அறிவோம். நியமனத்தில் முறைகேடு இருந்திருந்தால் அதை முறைப்படுத்த வேண்டும். பணியிடத்தை நிரந்தரமாக்க வேண்டும். ஆறு ஆண்டு நடக்கும் வழக்குக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் ஆள் வைக்கிற அரசு, தொடர்ச்சியைப் பற்றி எதுவும் நினைக்கவில்லை என்றுதான் பொருள்.

தொடர்ச்சி எவ்வளவு நீளமாக இருக்கக்கூடும் என்பதற்கு இரண்டு நினைவுகள். தில்லியின் சத்யராணி சட்டா, 1979இல் தன் மகளைத் தீயில் பறிகொடுத்தார். 2000இல் விசாரணை நீதிமன்றம் மருமகனைக் குற்றவாளி என்றது. 2013இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2014இல் அவர் மறைந்தார். இடைப்பட்ட காலத்தில், தன்னைப் போலவே மகளை இழந்த ஷாஜகான் ஆபாவோடு சேர்ந்து 1987இல் ‘சக்தி ஷாலினி’யைத் தொடங்கி, உயிரோடு இருக்கும் பிறர் மகள்களுக்குத் துணைநின்றார். மற்றொன்று நம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20இல் நடந்த கொடுமைக்கு 2011 செப்டம்பர் 29இல் தர்மபுரி நீதிமன்றம் தண்டனை வழங்கியது. 2023இல் அதே செப்டம்பர் 29ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த 18 பெண்களும் 31 ஆண்டுகளாகத் தங்கள் சொல்லில் நின்றார்கள். அவர்களோடு நின்ற அமைப்புகளும் நகரவில்லை.

குடும்ப வன்முறையில் நம் தோழர்களிடம் வேறொரு பழக்கம் உண்டு. கணவன் நமக்குத் தெரிந்தவராக இருப்பார், சங்கத்தில் சந்தா கட்டுபவராகக்கூட இருப்பார். உடனே இருவரையும் உட்கார வைத்துப் பேசி அனுப்பிவிடுகிறோம். அந்தப் பெண்ணும் ‘சரிங்க அக்கா, நீங்க சொன்னா போறேன்’ என்று சொல்லிவிட்டுப் போவார். அது சம்மதம் அன்று. போக வேறு இடம் இல்லை என்பதன் வேறு வடிவம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அவருக்கு அதே வீட்டில் வசிக்கும் உரிமையைத் தருகிறது. வீடு கணவன் பெயரில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மாமனார் வீட்டிலும் அந்த உரிமை உண்டு என்பதை, தில்லி வழக்கு ஒன்றிலேயே, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பாதுகாப்பு அலுவலர் யார், எங்கே என்பதைச் சொல்லிவிட்டு, முடிவை அவரிடம் விடுங்கள். அவர் திரும்பிப் போக முடிவெடுத்தாலும், அடுத்த முறை வரும்போது ‘அன்றே சொன்னோமே’ என்று நம் வாயிலிருந்து வரக்கூடாது.

வீட்டு உரிமை பற்றிப் பேசும் நாம் நம் மக்களின் வீடுகளுக்கு என்ன ஆயிற்று என்பதையும் பேச வேண்டும். ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் அருகே தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகளில் 215 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. அவ்வீடுகள் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், நரேலாவில். அங்கு குடியேற நேர்ந்த பெண்ணுக்குச் சாக்கேத் நீதிமன்றத்தில் மனு ஒன்று நிலுவையில் இருந்தால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். வீட்டுவேலை செய்துவந்த ஜங்புரா வீடுகள் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருக்கும். ஓடிப் போய்க் கதவைத் தட்டப் பக்கத்து வீட்டு அக்காவும் இப்போது அங்கில்லை.

எனவே என் கோரிக்கை சிறியது. நரேலாவில் குடியேறிய குடும்பங்களை அறிந்த தோழர்கள், வகுப்பு முடிந்ததும் மாதர் சங்கத் தோழரிடம் உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கொடுங்கள். இந்தி எழுதப் படிக்கத் தெரிந்தவர் நால்வர் வேண்டும். அவர்களில் இருவராவது நரேலாவுக்குப் பக்கத்தில் வசிப்பவராக இருந்தால் நல்லது. நிலுவையில் உள்ள வழக்குகளின் வாய்தா நாட்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, ஒரு பெண்ணுக்கு ஒரு தோழர் என்று பிரித்துக்கொள்வோம். பெண்ணின் பெயரும் வழக்கின் விவரமும் அந்தத் தோழரின் குறிப்பேட்டில் மட்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.