அவசரமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்



நம் சமையலறைகளில் இடம்பெறும் கத்தரிக்காயைப் பற்றி இன்று சற்றுச் சிந்திப்போம். தண்டையும் காயையும் துளைக்கும் புழுதான் அதன் பெரும் பகை. அதை ஒழிக்க உழவர்கள் ஒரே பருவத்தில் பலமுறை மருந்தடிக்கிறார்கள். இதற்கு மாற்றாக, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து அறிவியலாளர்கள் உருவாக்கியதே பி.டி. கத்தரிக்காய். அதைத் தின்னும் புழு இறந்துவிடும். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் இம்முயற்சியில் பங்குண்டு.

2009 அக்டோபரில் நடுவண் அரசின் ஒப்புதல் குழு இதற்கு இசைவு தந்தது. எதிர்ப்பு வலுக்கவே, அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களின் கருத்தைக் கேட்டார். 2010 பிப்ரவரி 9 அன்று, போதிய ஆய்வுகள் நடைபெறும்வரை அதை நிறுத்திவைத்தார். அண்டை நாடான வங்காளதேசமோ 2013இல் அதே கத்தரிக்கு அனுமதி அளித்தது.

மத்தேயு நற்செய்தி 13ஆம் பிரிவில் வரும் களைகள் உவமையை நினைவுகூர்வோம். களைகளை உடனே பறித்துவிடப் பணியாளர்கள் துடிக்கிறார்கள். கோதுமையும் சேர்ந்து பிடுங்கப்பட்டுவிடும் என்பதால் நிலக்கிழார் பொறுத்திருக்கச் சொல்கிறார். திரும்பப் பெற முடியாத செயலுக்குமுன் பொறுமை வேண்டும் என்பதை இங்கே கற்கிறோம். காற்றிலும் வண்டிலும் பரவிவிட்ட மகரந்தத்தை யாராலும் மீண்டும் திரட்ட முடியாது.

ஆனால் பொறுமைக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர் நாமல்ல. முதுகில் தெளிப்பானைச் சுமந்து, முகக்கவசமின்றி நஞ்சின் நடுவே நடக்கும் கூலித் தொழிலாளி. புழுத்துளை இல்லாத காயைப் பொறுக்கி எடுக்கும் நாம், அவரது மூச்சைப் பற்றி எண்ணிப் பார்க்கிறோமா? இன்னொரு பக்கம், விதைகளெல்லாம் சில நிறுவனங்களின் சொத்தாகிவிட்டால், அடுத்த பருவத்துக்கு விதை எடுத்துவைக்கும் சிறு உழவர் என்ன செய்வார்?

திருத்தந்தை பிரான்சிஸ், 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற திருமடலில் இதைப் பற்றிப் பேசுகிறார். மரபணு மாற்றப்பட்ட உணவு மனிதருக்குத் தீங்கானது என்பதற்கு முடிவான சான்று இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். அதே வேளையில், நிலம் சிலரது கையில் குவிவதையும் சிறு விவசாயிகள் மறைந்துபோவதையும் கண்டு கவலை கொள்கிறார். அறிவியலாளரும் அரசும் மட்டுமன்றி, உழவரும் நுகர்வோரும் மருந்தடிக்கும் வயல்களுக்கு அருகே வாழ்வோரும் இந்த உரையாடலில் இடம்பெற வேண்டும் என்கிறார்.

அன்பர்களே, கைப்பேசியில் வரும் அச்சமூட்டும் செய்தியையும், அனைத்தையும் தீர்த்துவிடும் என்ற விளம்பரத்தையும் உடனே நம்பிவிடாதிருப்போம். நம் பங்கிலுள்ள உழவரிடமும் கூலித் தொழிலாளியிடமும் இந்த வாரம் பேசுவோம். அவர்கள் சொல்வதைக் கேட்டபின் நம் கருத்தை உருவாக்குவோம்.

மண்ணைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் அதை நம்மிடம் ஒப்படைத்த இறைவா, பொறுமையையும் இரக்கத்தையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.