அறத்தைச் சீர்தூக்கும் பயிற்சி



கல்லூரி மாணவர்க்கு அறம் கற்பிக்க வேண்டும் என்பதில் நம்மிடையே வேற்றுமை இல்லை. எவ்வாறு கற்பிப்பது என்பதே கேள்வி. 1959-இல் அமைந்த ஸ்ரீபிரகாசா குழு ஒழுக்கக் கல்வியை வற்புறுத்தியது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, அறம் பற்றி ஆராய்ந்து தெளியும் ஆற்றலையும் வேண்டுகிறது. நல்லுரைகளை நெட்டுருச் செய்வது வேறு. இரு நன்மைகள் தம்முள் மோதும்போது சீர்தூக்குவது வேறு.

கோலார் தங்கவயலின் கோரமண்டல் பகுதியை எடுத்துக்கொள்வோம். வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் சென்றோர் உழைத்த மண் அது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்குத் தொடங்கிய சுரங்கத்தொழில், பின்னர் அரசுடைமையாகி, 2001 பிப்ரவரி 28-இல் நின்றது. இன்று இளைஞர் பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். பொன்னைப் பிரித்தபின் கொட்டிய சைனைடு மேடுகள் வயலெங்கும் நிற்கின்றன. காற்று வீசினால் அவற்றின் புழுதி வீடுகளில் படிகிறது. ஆயினும் அவற்றுள் எஞ்சிய பொன்னும் உண்டு. 13 மேடுகளிலிருந்து அதனை எடுக்கும் திட்டத்துக்கு 2024-இல் கருநாடக அமைச்சரவை இசைவளித்தது.

இத்திட்டம் நன்றா, தீதா? வகுப்பில் கேட்டால் மாணவர் உடனே பக்கம் பிரிந்து நிற்பர். ஆசிரியர் அவர்களைச் சற்றே நிறுத்துதல் வேண்டும். முதலாவது, அளந்தறிய வேண்டியது எது, நம் விருப்பம் எது எனப் பிரிக்கச் செய்க. புழுதியில் என்ன கலந்துளது, எத்தனை பேருக்கு எத்தனை ஆண்டு வேலை என்பன அளந்தறிய வேண்டியவை. இரண்டாவது, பயன் யாருக்கு, துன்பம் யாருக்கு என எண்ணச் செய்க. வேலை தேடும் இளைஞன், சுரங்கக் குடியிருப்பில் வாழும் முதிய தொழிலாளி, இனிப் பிறக்கும் குழந்தை ஆகிய அனைவரும் கணக்கில் வரவேண்டும். மூன்றாவது, எதிர்த்தரப்பின் வாதத்தை அவரே ஒப்புமாறு எடுத்துரைக்கச் செய்க.

“ஊருக்குப் பணம் வரும்” என்பவனை, “அகழும்போது எழும் தூசி உன் வீட்டு முற்றத்தில் விழினும் இதையே சொல்வாயா?” என்று வினவலாம். “மேட்டைத் தொடவே கூடாது” என்பவனை, “தொடாவிட்டால் புழுதி நின்றுவிடுமா?” என்று வினவலாம். ஆசிரியர் தம் முடிவைத் திணிப்பதும் தவறு; “அவரவர் கருத்து அவரவர்க்கு” என்று கைவிடுவதும் தவறு. காரணங்களுள் வலியதும் உண்டு, மெலியதும் உண்டு; அவற்றை நிறுத்துப் பார்ப்பதே பயிற்சி.

மும்பையிலோ தில்லியிலோ நம் பிள்ளைகள் கல்லூரியிலிருந்து ஒரு தீர்ப்போடு வீடு திரும்பினால், நாமும் மறுக்கவோ ஆமோதிக்கவோ விரையாமல், காரணத்தைக் கேட்போமாக.