கடற்கரைக்கு வந்த நத்தார் தாத்தா

(வானொலி இலக்கிய நிகழ்ச்சித் தொடருக்கென ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில ஆண்டுகளுக்கு முன், கனடாவில் வாழும் என் மருமகள் மார்கழி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்குப் போயிருந்தாள். அங்கிருந்து ஒரு படம் அனுப்பினாள். படத்தில் நத்தார் தாத்தா நிற்கிறார். வெண்தாடியும் சிவப்புத் தொப்பியும் வழக்கம் போல இருக்கின்றன. ஆனால் கம்பளி அங்கி இல்லை. பூப்போட்ட அரைக்கைச் சட்டை, முழங்காலளவுக் காற்சட்டை, கறுப்புக் கண்ணாடி, காலிலே செருப்பு. காலடியில் வெண்மணல். பக்கத்திலே நத்தார் மரத்தில் சிப்பியும் நட்சத்திர மீனும் தொங்குகின்றன.

"மாமா, இவர் எங்கட முல்லைத்தீவுக் கடற்கரைக்கு வந்தா எப்பிடியிருக்கும்?" என்று கேட்டிருந்தாள்.

விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். முள்ளியவளையில் இருந்துகொண்டு, கடற்காற்றின் உப்பும் வயற்காற்றின் ஈரமும் மாறிமாறி வீசுகின்ற என் வீட்டு விறாந்தையில், அந்தக் கேள்வியைப் பல நாட்கள் யோசித்தேன். இன்றைய உரை அந்தக் கேள்விக்கான பதில்.

அந்த இடத்தின் பெயர் டைஃபூன் லகூன். ஓர்லாண்டோ நகருக்கு அருகே வால்ட் டிஸ்னி நிறுவனம் 1989ஆம் ஆண்டில் திறந்த நீர் விளையாட்டுப் பூங்கா. உண்மையான கடல் அங்கே இல்லை. மணலும் அலையும் செய்துவைக்கப்பட்டவை. பனியே விழாத வெப்ப நாட்டில், செய்த கடற்கரையில் நத்தார் தாத்தாவுக்குக் கம்பளி உடுத்தினால் பொருந்தாது என்று எண்ணிச் சட்டையை மாற்றியிருக்கிறார்கள். படத்தின் பின்னணியில் இன்னுமொன்றும் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

"இது என்ன கூத்து? பனிநாட்டு மனிதரைக் கொண்டுவந்து மணலில் நிறுத்துவதா?" என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் அந்த மனிதர் பனிநாட்டவர் அல்லர். நத்தார் தாத்தாவின் மூலவரான புனித நிக்கலஸ் நான்காம் நூற்றாண்டில் மைரா என்ற ஊரில் ஆயராக இருந்தவர். மைரா இன்றைய துருக்கியின் தென்கரையில், மத்தியதரைக் கடலை அண்டிக் கிடக்கிறது. தோடம்பழம் காய்க்கும் வெயில் நாடு அது. அவர் கடலோடிகளின் காவலர். புயலில் அகப்பட்ட மாலுமிகளைக் காத்தார் என்ற கதைகள் பல உண்டு. 1087ஆம் ஆண்டில் அவருடைய எலும்புகளை இத்தாலியின் பாரி நகருக்குக் கொண்டுபோனவர்களும் கப்பற்காரர்களே. நெதர்லாந்தில் இன்றும் அவர் ஆண்டுதோறும் கப்பலில்தான் வந்திறங்குகிறார். முல்லைத்தீவில் ஒரு காலம் கோட்டை வைத்திருந்த அதே ஒல்லாந்தர் அவரை 'சின்ரக்கிளாஸ்' என்று அழைத்தனர். அந்தப் பெயரே அமெரிக்காவில் 'சாண்டாக் குளோஸ்' ஆயிற்று.

பனி அவர்மீது விழுந்தது பின்னாளில். 1823இல் நியூயோர்க் மாநிலப் பத்திரிகை ஒன்றில் வெளியான ஒரு கவிதை அவரைக் கலைமான்கள் இழுக்கும் வண்டியில் ஏற்றியது. 1863 முதல் தோமஸ் நாஸ்ற் என்ற ஓவியர் தாம் வரைந்த சித்திரங்களால் அவருக்கு உடலும் தாடியும் வடதுருவத்தில் வீடும் கொடுத்தார். 1931 முதல் கொக்கா கோலா விளம்பரங்களுக்காக ஹடன் சண்ட்புளொம் வரைந்த செங்கன்னத்துக் கிழவர் உலகெங்கும் பரவினார். ஆக, நாம் காணும் பனித் தாத்தா ஏறக்குறைய இருநூறு ஆண்டு வயதான அச்சுக்கூடத்துப் பிள்ளை. கடற்கரைக்கு வருவது அவருக்குப் பிறந்தகம் திரும்புவது போலத்தான்.

தம் நிலத்துக்கு ஏற்ப அவரை மாற்றியவர்கள் வேறிடங்களிலும் உண்டு. அவுஸ்திரேலியாவில் நத்தார் கடுங்கோடையில் வருகிறது. 1977இல் அந்நாட்டு அஞ்சல் சேவை வெளியிட்ட நத்தார் முத்திரையொன்றில் அவர் அலைப்பலகைமீது நின்று சவாரி செய்தார். இந்தியாவின் ஒடிசாக் கரையில் மணற்சிற்பி சுதர்சன் பட்நாயக் ஆண்டுதோறும் மணலிலே அவரை வடிக்கிறார். 2022இல் கோபால்பூர் கடற்கரையில் தக்காளிப்பழங்களை அடுக்கியே அவருக்குச் சிவப்பு அங்கி போட்டார்.

நாங்கள் என்ன செய்தோம்?

தொண்ணூறுகளில் வன்னிப் பாடசாலை ஒன்றில் நான் ஆசிரியனாக இருந்தேன். ஒளி விழாவுக்கு நத்தார் தாத்தா வேண்டும். பொருளாதாரத் தடைக் காலம் அது. மின்கலம் கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்ட நாட்கள். அந்த நிலையிலும் பனி மட்டும் எங்களுக்குத் தட்டுப்படவில்லை. ஊரிலே இலவமரம் இருந்தது. சவுக்கங் கிளையை வெட்டி நட்டு, இலவம்பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து அதன்மேல் தூவினோம். மிச்சப் பஞ்சு தாடியாயிற்று. தாத்தாவாக நின்ற ஒன்பதாம் வகுப்புப் பையன் பசையும் வியர்வையும் சேர்ந்து முகம் கடித்து, பாட்டு முடியுமுன்னே தாடியைக் கையில் எடுத்துவிட்டான். மண்டபம் சிரித்தது. அவன் அழுதான்.

பிறகு ஒருநாள் 'நத்தார்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் வெண்பனி பொழிவதாகவே எழுதியிருந்தார்கள். வகுப்பறைக்கு வெளியே மார்கழி மழை கொட்டிக்கொண்டிருந்தது. காலபோக வயல் பச்சையாய்க் கிடந்தது. நந்திக்கடல் முட்ட நிரம்பியிருந்தது. அவற்றுள் ஒன்றேனும் எந்தக் கொப்பியிலும் இல்லை. பண்டிகை என்றால் அது வேறெங்கோ நடப்பது, எங்கள் ஊர் அதற்குப் போதாது என்று பிள்ளைகளின் மனத்தில் பதிந்துவிட்டதோ என்று அன்று எனக்கு உறைத்தது. அந்தப் பஞ்சைத் தூவியவன் நானும்தான்.

நேயர்களே, நிலமும் பொழுதும் முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம். புளோரிடாக்காரர் நிலத்தையும் பார்த்தார்கள், பொழுதையும் பார்த்தார்கள். அவர்கள் மார்கழி வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி பொருந்தும். அதைப் பார்த்து நாமும் முல்லைத்தீவில் கறுப்புக் கண்ணாடித் தாத்தாவை நிறுத்தினால், பஞ்சுப் பனியைப் போல அதுவும் இரவல்தான். எங்கள் கரையில் மார்கழி வாடைக்காலம். கடல் கொந்தளிக்கும். தொழில் படுத்துவிடும். வள்ளங்களைக் கரையேற்றி, கடன் வாங்கித்தான் பல வீடுகளில் நத்தார்ப் பலகாரம் சுடுவார்கள். எங்கள் தாத்தாவுக்கு வேண்டியது மழைக்கவசமும், மடித்துக் கட்டிய சாரமும். வெறுங்கால் நல்லது.

வெளியிலிருந்து வரும் கதையை எங்கள் மண் தனதாக்கத் தெரியாததல்ல. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனைப் பாருங்கள். மதுரையை எரித்த கண்ணகி கடல் கடந்து வந்தாள். நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவரிடம் கிழவி வேடத்தில் தோன்றினாள் என்பது ஐதிகம். விளக்கெரிக்க எண்ணெய் இல்லை என்றார்கள் சிறுவர்கள். கடல்நீரை அள்ளி ஊற்றி எரியுங்கள் என்றாள் அவள். இன்றும் வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து, எங்கள் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலுக்குக் கொண்டுவந்து உப்புநீரில் விளக்கேற்றுகிறார்கள். சோழநாட்டிற் பிறந்து பாண்டிநாட்டிற் பொங்கியவளுக்கு வன்னிக் கரை கொடுத்த அலங்காரம் அந்த உப்புநீர் விளக்கு. வேறெந்த ஊரிலிருந்தும் இரவல் வாங்காதது. நத்தார் தாத்தாவுக்கு அப்படியொன்றை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

இனி, படத்தின் பின்னணியில் இருந்ததைச் சொல்கிறேன்.

தாத்தாவுக்குப் பின்னால் ஒரு மலை. அதன் உச்சியில் ஒரு றால் பிடிக்கும் படகு குத்திட்டு நின்றது. பெரும் புயலொன்று கடலிலிருந்து தூக்கி எறிந்த படகு என்பதுதான் அந்தப் பூங்காவின் கற்பனைக் கதை. அதன் கீழே என் மருமகளின் பிள்ளைகள் சிரித்தபடி நிற்கின்றன. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் படகை என்னால் அலங்காரமாகப் பார்க்க முடியவில்லை.

2004ஆம் ஆண்டு நத்தாரன்று முல்லைத்தீவில் ஒரு சிநேகிதர் வீட்டில் சாப்பிட்டேன். கடற்றொழிலாளி. கரையேற்றியிருந்த தன் வள்ளத்தின் அணியத்தில் சவுக்கங் கிளை கட்டி, அதிலே ஈர்க்கும் கலர்த் தாளும் கொண்டு செய்த வெள்ளி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். பேரப்பிள்ளைகள் வள்ளத்துக்குள் ஏறி இருந்து பாடினார்கள். நான் கண்ட நத்தார் அலங்காரங்களுள் அதுவே எங்கள் கரைக்குச் சொந்தமானது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை கடல் எழுந்து வந்தது. ஊர் போயிற்று. கரையோரத்துப் புனித இராயப்பர் தேவாலயமும் சிதைந்தது. அந்த வள்ளத்தைப் பிறகு கரையிலிருந்து வெகுதூரம் தள்ளிப் பனைகளுக்கு இடையே கண்டோம். கிளை இருந்தது. வெள்ளி இல்லை. பாடிய பிள்ளைகளில் இருவரும் இல்லை.

அதன்பின் அவர் வெள்ளி கட்டவில்லை. 2009இன் பேரழிவும் முகாமும் கடந்து மீளக் குடியேறிய பின்னரும் கட்டவில்லை. பிறகொரு மார்கழியில் போனபோது, புது வள்ளத்தின் அணியத்தில் வெள்ளி ஆடிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார்:

"மிச்சப் பிள்ளையள் கேக்குதுகள் மாஸ்டர். கட்டத்தானே வேணும். ஆனா இருபத்தைஞ்சு இரவே கழட்டிப்போடுவன். விடிஞ்சா விளக்குக் கொளுத்துற நாளெல்லோ."

அவருடைய இளைய மகன் அன்று நத்தார் தாத்தாவாகி, கரோல் பாடும் பிள்ளைகளோடு உழவு இயந்திரப் பெட்டியில் வந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. சிவப்பு அங்கிக்கு மேலே கடலுக்குப் போடும் மஞ்சள் மழைக்கவசம் போட்டிருந்தான். யாரும் யோசித்துச் செய்ததல்ல. மழை பெய்தது, போட்டான். தாடி நனைந்து ஒட்டிக் கிடந்தது. பிள்ளைகள் பின்னால் ஓடின.

மருமகளுக்கு இப்படித்தான் பதில் எழுதினேன்: "பிள்ளை, அவர் எங்கட கடற்கரைக்கு எப்பவோ வந்திட்டார். மழைக்கோட்டுப் போட்டிருக்கிறார். இருபத்தைந்து இரவோடு போய்விடுவார். அடுத்தமுறை மார்கழியில் வந்தால், இருபத்தாறும் நின்று போ."