சின்னக் கடைக்கு ஓர் இணைய முகவரி

(சங்கத்தின் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. மெல்பேர்ணுக்கு வந்த புதிதில் பகலில் தொழிற்சாலை, இரவில் கணனி வகுப்பு. ஆரோ தெருவில் எறிந்த பழைய கணனிகளைப் பொறுக்கி வந்து திருத்திப் பழகினேன். இன்றைக்கும் டண்டினோங் பக்கத்துக் கடைக்காரர் சிலர் எதுவும் பழுதென்றால் எனக்குத்தான் ரெலிபோன் எடுப்பார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் என்ரை சொந்த அக்காவின்ரை கதை. அவ வீட்டிலை இடியப்பம், பிட்டு, பலகாரம் செய்து ஓடருக்குக் குடுக்கிறவ. கவுன்சிலில் முறைப்படி பதிந்துதான் செய்கிறா. 2016 இல் தெரிந்த பெடியன் ஒருவர் அவவுக்கு ஒரு வெப்சைற் செய்து குடுத்தார். நல்ல பெடியன், காசும் அதிகம் வாங்கவில்லை. ஆனால் டொட் கொம் டொட் ஏயு என்று முடிகிற அந்தப் பெயரைத் தன்ரை ஏபிஎன்னிலும் தன்ரை ஈமெயிலிலும் பதிந்து விட்டார். அக்காவுக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது, நானும் கேட்கவில்லை. அதுதான் என்ரை வெட்கம்.

2019 சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் கிழமை. வழக்கமாக அந்தக் கிழமை அவவின்ரை போன் ஓயாது. சிவப்பரிசி மா இருபது கிலோ வறுத்து வைச்சிருந்தவ. போன் அடிக்கவேயில்லை. "என்ன தம்பி, சனம் எல்லாம் ஊருக்குப் போட்டுதோ?" என்று என்னைக் கேட்டா. நான் பார்த்தால் வெப்சைற் இல்லை. பெயரின் தவணை முடிந்து விட்டது. பெடியன் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார், நம்பரும் மாறிவிட்டது. நினைவூட்டல் கடிதமெல்லாம் அவரின்ரை பழைய ஈமெயிலுக்குப் போயிருக்கிறது. பெயரை விற்ற கம்பனியோ, பதிந்தவர் வந்தால்தான் கதைப்போம் என்று சொல்லிவிட்டது. அது சட்டப்படி சரிதானே! தவணை முடிந்த பெயரை முப்பது நாளுக்குள் புதுப்பிக்கலாம். அந்த முப்பது நாளும் ஆளைத் தேடுவதிலேயே போய்விட்டது. பிறகு வேறு ஆரோ அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். புதுப் பெயரில் திரும்பத் தொடங்கி, பழையபடி ஓடர் வர அக்காவுக்கு ஒரு வருடத்துக்கு மேல் சென்றது.

ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யுங்கோ. அவுஸ்திரேலியப் பெயர்களை நிர்வகிக்கிற அமைப்புக்கு ஓடா என்று பெயர். அதன் தளத்தில் உங்கட கடையின் முகவரியை இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பதிந்தவர் ஆர், எந்த ஏபிஎன் என்று காட்டும். அது உங்களுடையதாக இல்லாவிட்டால், செய்து தந்தவரோடு உறவு நன்றாக இருக்கிற காலத்திலேயே மாற்றிக்கொள்ளுங்கோ. சண்டை வந்த பிறகு மாற்றுவது கஷ்டம். ஈமெயிலும் உங்களுடையதாக இருக்க வேணும். மகனின் பள்ளிக்கூட ஈமெயிலைக் குடுத்தவர்களும் இருக்கிறார்கள். பிள்ளை படிப்பை முடித்தால் அந்த ஈமெயிலும் முடிந்தது.

2022 மார்ச் 24 இலிருந்து டொட் ஏயு என்று மட்டும் முடிகிற குறுகிய பெயரும் எடுக்கலாம். பிரஜாவுரிமையோ நிரந்தர விசாவோ உள்ளவருக்கு அதற்கு ஏபிஎன் கூடத் தேவையில்லை. விசா இன்னும் தற்காலிகமாக இருக்கிற உறவுகள், தகுதி உண்டா என்று முதல் கேட்டுப் போட்டுப் பிறகு காசு கட்டுங்கோ. ஏபிஎன் எடுப்பது அரசாங்கத் தளத்தில் முற்றிலும் இலவசம். எடுத்துத் தாறன் என்று காசு கேட்கிற இடங்களுக்குப் போகாதையுங்கோ.

தபாலில் வரும் பில் பற்றியும் சொல்ல வேணும். 2015 நவம்பர் முதல் 2017 ஏப்ரல் வரை இந்த நாட்டு வியாபாரங்களுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கடிதங்கள் போயின. பார்த்தால் பெயரைப் புதுப்பிக்கச் சொல்லும் பில் மாதிரி இருக்கும். வாசித்துப் பார்த்தால் வேறொரு புதுப் பெயரை 249 முதல் 275 டொலருக்கு விற்கிறார்கள். நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டு, 2018 இல் சமஷ்டி நீதிமன்றம் 19.5 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. அரச இலச்சினை மாதிரி எதையும் கண்டால் பயந்து காசு கட்டுகிற பழக்கம் எங்கட சனத்திடம் இருக்கு. நாங்கள் வந்த வழி அப்படி. ஆனால் பில் வந்தால், பெயரை எங்கே வாங்கினீர்களோ அந்தக் கம்பனியின் தளத்துக்கு நீங்களாகவே போய்த் தவணைத் திகதியைப் பாருங்கோ. ஆங்கிலம் தடையென்றால் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவைக்கு அழைத்துத் தமிழ் என்று கேளுங்கோ.

வெப்சைற்றே வேண்டாம், கூகிள் வரைபடத்தில் கடை தெரிந்தால் காணும் என்பவர்கள் உண்டு. பாதி சரி. அந்தப் பதிவு இலவசம், கட்டாயம் செய்ய வேணும். ஆனால் அதையே முழுக்க நம்ப வேண்டாம். அதோடு சேர்த்துக் கூகிள் இனாமாகக் குடுத்த சின்ன வெப்சைற்றுகளை 2024 மார்ச்சில் நிற்பாட்டி விட்டார்கள். வீட்டிலிருந்து செய்கிறவர்கள் அந்தப் பதிவில் வீட்டு விலாசத்தை மறைத்து, எந்தெந்தப் பகுதிக்குக் கொண்டுபோய்க் குடுப்பீர்கள் என்று மட்டும் காட்டலாம். தங்கட விலாசம் வெளியில் தெரியக்கூடாது என்று நினைக்கிறவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இனித் தமிழ் எழுத்து. இந்த மலரின் பழைய பிரதிகளைப் பாமினியில் அடித்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். கண் விழித்து அடித்தீர்கள், நன்றி. ஆனால் பாமினியில் "தமிழ்" என்று அடித்தால் கணனியின் உள்ளே கிடப்பது ஜே, கே, பி, ஓ, அதற்குப் பிறகு ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத போனில் அந்தக் கோலம்தான் தெரியும். தேடுகிறவருக்கும் அகப்படாது. சிட்னியில் வென்ற்வேர்த்வில் பக்கம் ஒரு கடையின் விலைப்பட்டியல் முழுவதும் அப்படிக் கிடந்ததை நானே பார்த்தேன். யுனிகோட்டில் எழுதுங்கோ, இப்போது எல்லாப் போனிலும் தமிழ் விசைப்பலகை இருக்கு. பழைய பாமினியை மாற்றித் தரும் இலவசக் கருவிகளும் உண்டு. விலைப்பட்டியலைப் படமாக மட்டும் போடாமல் எழுத்தாகவும் போடுங்கோ. இடியப்பம் என்று தமிழிலும் எழுதுங்கோ, ஸ்ரிங் ஹொப்பர்ஸ் என்று ஆங்கிலத்திலும் எழுதுங்கோ. இங்கே பிறந்த பிள்ளைகள் இரண்டாவதைத்தான் தேடுவார்கள்.

பாஸ்வேர்ட்டைக் கல்லாப்பெட்டியில் ஒட்டி வைக்கிற அண்ணைமாரே, உங்களோடு தனியாகக் கதைக்கிறேன்! போனுக்கு வரும் ஆறு இலக்கத்தை மட்டும் ஆர் கேட்டாலும் சொல்லாதையுங்கோ, வங்கி என்றாலும் சரி.

அக்கா இன்றைக்கு ரோல்ஸ் கொண்டு வந்திருக்கிறா. ரீ குடிக்கேக்கை போனைக் கொண்டு என்னட்டை வாங்கோ. உங்கட கடைப் பெயர் ஆரின்ரை பெயரில் இருக்கு என்று அந்த இடத்திலேயே பார்த்துச் சொல்லுறன்.