காந்தத்துக்குள் திரும்பி நிற்கும் தண்ணீர்



எம்.ஆர்.ஐ. என்றாலே சிலருக்கு நடுக்கம். "கதிர்வீச்சு உடம்புக்குக் கெடுதலாச்சே" என்று, தேதி வாங்கிய பிறகும் போகாமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. இந்தக் கருவியில் எக்ஸ்ரே கிடையாது. இது முக்கியமாகப் பார்ப்பது உடம்பிலுள்ள தண்ணீரையும் கொழுப்பையும்தான்.

பெரியவர்களின் உடல் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். அவற்றின் கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். சாதாரண வேளையில் இவை பசார் மாலாம் கூட்டம்போல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். 1.5 டெஸ்லா காந்தத்துக்குள் போனால்? அது பூமியின் காந்தப்புலத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு.

எல்லாம் பள்ளி அணிவகுப்புபோல் நேராக நின்றுவிடும் என்று நினைத்தால் தவறு. உடலின் சூடு அவற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. காந்தத்தின் திசைக்கு எதிராக நிற்பவற்றைவிட அதன் திசையில் நிற்பவை 10 லட்சத்துக்கு வெறும் ஐந்துதான் அதிகம்! ஆனால் ஒரு மில்லிலிட்டர் நீரில் இருக்கும் அணுக்கள் அத்தனை கோடி என்பதால் இந்த ஐந்தே போதுமானதாகிறது.

இப்போது 64 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலை அவற்றைச் சாய்க்கிறது. எஃப்.எம். அலைவரிசைக்குச் சற்றுக் கீழே உள்ள அலைதான். அலை நின்றதும் அவை பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பும்போது மெல்லிய சமிக்ஞை தரும். கொழுப்பு ஒரு வேகத்தில் திரும்பும், வீங்கிய திசு இன்னொரு வேகத்தில். படத்தில் கட்டி தனியாகத் தெரிவது இதனால்தான்.

சமிக்ஞை எந்த இடத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க, காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் சற்றே மாற்றினார் அமெரிக்கரான பால் லாட்டர்பர். அவருடைய கட்டுரையை 'நேச்சர்' இதழ் முதலில் திருப்பி அனுப்பியது; பிறகு 1973இல் வெளியிட்டது. 2003இல் பிரிட்டனின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உள்ளே படுத்திருப்பவர் காதில் விழும் 'டக் டக்' சத்தமும், புலத்தை மாற்றும் அந்தக் கம்பிச்சுருள்கள் அதிர்வதால் வருவதுதான்.

பயப்பட வேண்டிய விஷயம் வேறொன்று இருக்கிறது. பெரும்பாலான கருவிகளில் காந்தம் இரவு பகலாக இயங்கிக்கொண்டே இருக்கும்; உள்ளே நோயாளி இல்லாவிட்டாலும்தான். 2001இல் நியூயார்க் மாநிலத்தில், அறைக்குள் கொண்டுவரப்பட்ட ஆக்சிஜன் சிலிண்டர் பறந்து வந்து தாக்கியதில் ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். 2018 ஜனவரியில் மும்பையில், உறவினருக்குத் துணையாக வந்தவர் சிலிண்டரோடு உள்ளே இழுக்கப்பட்டு மாண்டார். கருவி அணைக்கப்பட்டிருப்பதாகத் தங்களிடம் சொல்லப்பட்டது என்றனர் குடும்பத்தார்.

தாலியைக் கழற்றச் சொன்னால் நம் பெண்கள் கலங்குவது இயல்பு. தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்பது உண்மையே. ஆனால் கொக்கியில் வேறு உலோகம் இருக்கலாம், நகை சூடேறலாம், படமும் கெடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதன் அட்டையை முன்கூட்டியே காட்ட வேண்டும். எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற வகைகள் இப்போது உண்டு, எல்லாமே அப்படியல்ல. பட்டறையில் வெல்டிங், அரைப்பு வேலை செய்தவர்களின் கண்ணில் இரும்புத் துகள் தங்கியிருக்கலாம். அது அசைந்தால் பார்வையே போகும்.

மருத்துவமனையில் தரும் படிவம் இதையெல்லாம்தான் கேட்கிறது. மலாயோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாத தாத்தா பாட்டி கையெழுத்தை மட்டும் போட்டுவிடாமல், கூடப் போகும் பிள்ளைகள் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் கேட்டு நிரப்புங்கள். தாத்தா இளவயதில் என்ன வேலை பார்த்தார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.