மறுபடியும் அதே வீட்டு வாசலில்
(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செவிலியர் பயிற்சிக்கென்று நீங்கள் மனமுவந்து கொடுக்கும் காணிக்கை எப்படிப்பட்ட ஊழியத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைக் குறித்துச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

சென்னை மாநகரின் வட கோடியில், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்தில் முகத்துவாரக்குப்பம் இருக்கிறது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் எண்ணூர்க் கழிமுகம். அக்கம்பக்கத்தில் அனல்மின் நிலையமும் துறைமுகமும் தொழிற்சாலைகளும். மீனையும் இறாலையும் நம்பிப் பிழைக்கும் ஜனங்கள் இவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் இந்தக் கழிமுகத்தில் படர்ந்தது. மீனவர்களே வாளியும் குவளையுமாக அதை அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஜனங்கள் தூக்கம் கலைந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓடினார்கள்.

இந்தக் கரைக்கு மருத்துவ ஊழியம் புதிதல்ல. 1888ல் ஸ்காட்லாந்திலிருந்து சென்னைக்கு வந்த டாக்டர் மெட்டில்டா மக்பெயில் அம்மையார் இராயபுரத்தில் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அந்த ஊழியத்தின் கனிதான் ரெய்னி மருத்துவமனை. வேலூரில் 1909ல் செவிலியர் பள்ளியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், நோயாளிகள் வரட்டும் என்று காத்திராமல் சாலையோர மரத்தடிகளுக்கே போய்ச் சிகிச்சை அளித்தார்.

இன்று செவிலியர் பட்டப்படிப்பில் சமுதாய நலச் செவிலியம் ஒரு கட்டாயப் பாடம். அதை இரண்டு விதமாக நிறைவேற்றலாம். பந்தல் போட்டு, பேனர் கட்டி, ஒரே நாளில் எல்லாருக்கும் இரத்த அழுத்தம் பார்த்து, சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு மாலையில் வண்டி ஏறிவிடலாம். மாணவியின் பதிவேடு நிறையும். ஆனால் அழுத்தம் கூடியிருக்கிறது என்று அறிந்த தாயை மறுநாள் யார் விசாரிப்பார்கள்?

இன்னொரு விதம், ஒரு மாணவி சில வீடுகளைப் பொறுப்பேற்று, ஆண்டு முழுவதும் அதே வீடுகளுக்குத் திரும்பிப் போவது. சேவை வழிக் கற்றல் என்று சொல்லுவது இதைத்தான். என்ன தேவை என்பதை அந்த ஜனங்கள் சொல்ல வேண்டும். மாணவி முதலில் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

காலை பத்து மணிக்குப் போனால் மீன் விற்கும் தாய்மாரைக் காண முடியாது. விடியுமுன்னே அவர்கள் கூடையோடு புறப்பட்டிருப்பார்கள். ஆகவே மாறவேண்டியது கல்லூரியின் நேர அட்டவணைதான். உப்பைக் குறையுங்கள் என்று பாடப்புத்தகம் சொல்லுகிறது. கடலுக்குப் போகாத நாளில் கருவாடுதான் குழம்பு என்றிருக்கிற வீட்டில் அந்தப் புத்திமதி என்ன செய்யும்? கருவாட்டைப் பலமுறை தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழம்பில் வேறு உப்புப் போடாமல் சமைக்கச் சொல்லுகிற மாணவிக்கு அந்த வீட்டில் காது கொடுப்பார்கள்.

அம்மோனியா கண்ணில் பட்டால் கசக்காமல், சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும்; காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். உடம்பில் ஒட்டிய கச்சா எண்ணெயை மண்ணெண்ணெயால் துடைக்கக் கூடாது. சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவலாம். மற்ற ஊர்களில் இவை பரீட்சைக் கேள்விகள். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை.

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் வீடு தேடி மருந்து கொடுக்கிறது. நாம் அதற்குப் போட்டியாக நிற்க வேண்டாம். மாத்திரை வந்ததா, வந்ததைச் சாப்பிடுகிறார்களா, நிறுத்தியிருந்தால் ஏன் என்று கேட்டு, சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்க ஒரு ஆள் வேண்டும். மாணவி அந்த ஆளாக இருக்கலாம். ஆனால் ஆசிரியை துணையின்றி அவள் போகக் கூடாது. வீட்டார் அனுமதியின்றி உள்ளே நுழையவோ, படம் எடுக்கவோ கூடாது. ஏழை வீடு பரிசோதனைக்கூடமல்ல.

பிரியமானவர்களே, ஒரு நாள் முகாமுக்குக் கொடுத்தால் உங்களுக்கு அனுப்ப நல்ல படங்கள் கிடைக்கும். ஆண்டு முழுவதும் நடக்கும் வீட்டுச் சந்திப்பில் அப்படி ஒன்றும் கிடைக்காது. பஸ் கட்டணம், இரத்த அழுத்தக் கருவி, சர்க்கரை பார்க்கும் பட்டைகள், ஆசிரியையின் சம்பளம் என்று சின்னச் சின்னச் செலவுகளே இருக்கும். ஆனாலும் இதற்கே கொடுங்கள் என்று தாழ்மையாய்க் கேட்கிறோம். நல்ல சமாரியன் காயங்கட்டியதோடு நிற்கவில்லை. சத்திரக்காரன் கையில் பணம் கொடுத்து, திரும்பி வருவதாகவும் சொல்லிப் போனான்.

நம்முடைய மாணவியரும் திரும்பிப் போகத்தக்கதாக, கரையோரத்து இந்தக் குடும்பங்களை உங்கள் ஜெபத்திலும் காணிக்கையிலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக.